பச்சோந்திக்கு வந்த சீர்

"அந்தக் கிளையை மிதிச்சிடாதீங்க..."

தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினான் அற்புதசாமி. அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி. முந்தின நாள் அடித்த காற்றில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்துப் பூவரசு வேரோடு சாய்ந்துவிட்டது. அதைப் பேசி வாங்கி, அறுக்க ஆட்களோடு வந்திருந்தான். திருச்சி மரக்கடைப் பகுதியில் அப்பா விட்டுப் போன மரவாடியை நடத்துகிறவன் அவன். சொந்த மரத்தை மிதிக்க யாரைக் கேட்க வேண்டும் என்று சுடச்சுடக் கேட்கத்தான் திரும்பினான்... கேட்கவில்லை.

தூறலில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் காலடியில் கிடந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா? அற்புதசாமி பட்டான்.

பெயர் டோரதி என்றாள். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்றுத் தருகிறாளாம். தோழி வீட்டுக்கு வந்தவள், விழுந்த மரத்தைக் கண்டு நின்றுவிட்டாள். வகுப்பில் அறுத்துப் பார்ப்பதற்காக யாரோ பிடித்து வந்த பச்சோந்தியை, மனசு கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். இப்போது அது ஒரு கோழிக்கூடைக்குள் காலம் தள்ளுகிறது. ஏறி இறங்க நல்ல கிளைகள் வேண்டும்.

அவன் பெருந்தன்மையோடு, தொடை பருமனில் ஒரு கிளையைக் காட்டினான்.

"யானைக்கு இல்லைங்க, பச்சோந்திக்கு" என்றாள் அவள். ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

குனிந்து ஒரு குச்சியை எடுத்து, விரல்களால் வளைத்துப் பிடித்துக் காட்டினாள். பச்சோந்தியின் பாதம் குறடு மாதிரி. இப்படிக் கவ்விப் பிடித்தால்தான் அதற்கு நிம்மதி. எல்லாம் ஒரே பருமனாக இருந்தாலும் கால் ஓய்ந்துபோகும். ஒன்று கட்டைவிரல் அளவு, ஒன்று சுண்டுவிரல் அளவு என்று கலந்து வைக்க வேண்டும். அரளி கூடவே கூடாது... அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவனோ அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முருங்கை ஆகுமா?" பேச்சு முடிந்துவிடக் கூடாதே என்று கேட்டு வைத்தான்.

"படக்குனு முறிஞ்சிடும். அது வேதாளத்துக்குத்தான் சரி."

அவள் சிரித்ததும் அந்த மழைத்துளி விழுந்துவிட்டது. கிளைகளோடு ஒரு கூண்டே செய்து தருகிறேன் என்று அவன் வாய் தானாகச் சொல்லியது. தோதான கிளைகளை அவளே பொறுக்கிக் கொடுத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, மேலப்புதூர் வீட்டு விலாசத்தையும் சொன்னாள். பஸ்ஸில் போகும்போதுதான் அவளுக்குத் தோன்றியது... முன்பின் தெரியாத ஆளிடம் எதற்கு அத்தனை நேரம் சிரித்துப் பேசினேன்?

அற்புதசாமியின் கடை கலியாணக் கட்டிலுக்குப் பேர்போனது. எந்த மரம் வந்தாலும் இழைத்து, தேய்த்து, மினுக்கித்தான் வெளியே விடுவார்கள். கூண்டுக்குத் தேக்குச் சட்டமும் கம்பி வலையும் போட்டான். அதோடு நின்றிருக்கலாம். அவள் பொறுக்கிக் கொடுத்த கிளைகளையும் பட்டை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்தான். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேலப்புதூர்த் தெரு வீடு திரும்புகிற நேரம்... சலங்கை கட்டிய மாட்டு வண்டி ஒன்று உள்ளே நுழைந்தது. அந்தக் கடையிலிருந்து கட்டிலோ பீரோவோ, எது போனாலும் கலியாணச் சீராகத்தான் போகும். நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, மல்லிகைச் சரம் சுற்றி, வெள்ளைத் துணி போர்த்தி ஏற்றிவிடுவது மேஸ்திரி அடைக்கலத்துக்குப் பழகிப்போன வேலை. கூண்டையும் அவர் அப்படியே ஏற்றியிருந்தார். துணிக்குள் இருப்பது பச்சோந்தி வீடு என்று யாருக்குத் தெரியும்? டோரதிக்குச் சீர் வந்துவிட்டது என்று தெருக்கோடி வரை சேதி ஓடியது.

டோரதியின் அப்பா செபஸ்தியானுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம்தான் அவளைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு அத்தை முறையான லூர்துராணி, எதிர்வீட்டு ஜன்னலில் நின்று மல்லிகைச் சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே, வண்டியோடு வந்து கூண்டை இறக்கிவைத்த அற்புதசாமியின் கண்ணெதிரே, அதைவிடப் பெரிய கூத்து. பளபளக்கும் கிளையில் பச்சோந்தியை ஏற்றினாள் டோரதி. நாலு காலும் வழுக்கி, தொப்பென்று விழுந்தது. இன்னொரு முறை ஏற்றினாள். அப்போதும் விழுந்தது.

"இதென்ன கட்டில் காலா? பட்டை இருந்தாத்தானே அதுக்குப் பிடி கிடைக்கும்... அன்னைக்கு நான் சொன்னதை நீங்க கேட்டீங்களா இல்லையா?"

அற்புதசாமியின் முகம் கறுத்துவிட்டது. கேட்கவில்லை, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வான்? என் கடை வேலையில் இதுவரை யாரும் குற்றம் சொன்னதில்லை என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து யாரும் வரவில்லை. சீர் இறங்குகிற அளவுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டு எங்களை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று லூர்துராணிதான் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா செல்வமேரி அழுதாள். டோரதியும் அழுதுதான் பார்த்தாள்... தஞ்சாவூருக்காகக் கண்ணீர் வருவேனா என்றது. படியிறங்கிப் போன அந்தக் கறுத்த முகத்தை நினைத்தவுடன் பொலபொலவென்று வந்துவிட்டது.

கல்லூரிக்குப் போக வர மரக்கடை வழியாகத்தான் பஸ். இறங்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன? தப்பு அவர் பேரில், நான் எதற்குப் போக வேண்டும்? இந்த வீம்பிலேயே ஒரு வாரம் ஓடியது.

சனிக்கிழமை நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் வந்து நின்றான் அற்புதசாமி. கக்கத்தில் ஒரு கட்டுக் குச்சி. செபஸ்தியானைப் பார்த்துக் கைகூப்பினான். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டேன், என் கடை வழக்கத்தால் உங்கள் பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போகக் கூடாது, வண்டியில் பூச்சுற்றியது தெரியாமல் நடந்த தப்பு என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றான்.

செபஸ்தியானுக்குப் போன உயிர் திரும்பியது. இப்போதே எதிர்வீட்டில் சொல்லிவிட்டால் விடிவதற்குள் சேதி தஞ்சாவூர் போய்விடும் என்று, குடையெடுக்க உள்ளே ஓடினார்.

அந்தக் கொஞ்ச நேரம் இருவர் மட்டும். அற்புதசாமி நிமிராமல் கூண்டைத் திறந்தான். வார்னிஷ் கிளைகளைக் கழற்றிப் போட்டான். பட்டை உரிக்காத பூவரசங்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினான். பச்சோந்தி ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் அவளையும் பார்த்தது. பிறகு ஒரு கால் வைத்தது. ஆடியது. கவ்வியது. மெல்ல உச்சிக்கே ஏறிவிட்டது.

"அளவு சரியா இருக்கே..." என்றாள் டோரதி.

"நீங்க வளைச்சுக் காட்டினீங்கல்ல. அந்த விரல் கண்ணுக்குள்ளயே இருக்கு. அதை வச்சுத்தான் வெட்டினேன்."

வெளியே மழை இன்னும் வலுத்தது.

"எதிர்வீட்டுல போய் என்ன சொல்வீங்க?"

"தெரியாம நடந்துடுச்சுன்னு..."

"தெரியாமத்தான் நடந்துச்சா?"

அவன் கையிலிருந்த கடைசிக் குச்சி கீழே விழுந்தது. எடுக்கக்கூட இல்லை.

"இல்லைங்க. அடைக்கலம் பூ சுத்தினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அவுக்கச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு... சொல்லல. உங்களுக்கு நானே சீர் கொண்டுவர்ற மாதிரி ஒரு தடவை பார்த்துக்கலாம்னு ஒரு ஆசை. எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவன் நான். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாதுன்னும் தெரியும். உங்களுக்கு நல்ல இடம் தவறிடக் கூடாதுங்க. அதுக்காக ஒரு பொய் சொன்னா ஆண்டவர் மன்னிச்சுக்குவார்."

அந்தக் கண்கள் நிறைந்துவிட்டன. இந்த முறை மழையால் இல்லை.

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்" என்றாள். "அன்னைக்கு உங்களை அப்படிப் பேசிட்டு, இந்த ஒரு வாரமா எனக்கு ஒரு வேலையும் ஓடல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போகாதீங்க..."

அதற்குள் செபஸ்தியான் குடையை விரித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்.

"வாங்க தம்பி, மழை விடுற மாதிரி தெரியல."

அற்புதசாமி அசையவில்லை. டோரதி அப்பாவின் கையிலிருந்த குடையை வாங்கினாள். நிதானமாக மடக்கினாள்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்ப்பா... தெருவுல பேசிக்கிட்டது நிஜம்தான்."