ஊதற்பாறைக்குள் ஒரு மேலங்கி

கையில் வரைபடம் கிடையாது. திசைகாட்டி போன மாதமே பழுது. கூட்டத்தின் தலைவருக்கோ ஓயாத தும்மல். புதையல் தேடிக் கிளம்பிய படகுகளில் இதைவிட மோசமான ஆயத்தத்தோடு ஒன்று கிளம்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் கிளம்பியாயிற்று!

நோர்வேயின் மேற்குக் கரையில் ஹார்ஸ்விக் என்றொரு சின்னத் துறைமுகம். நவம்பர் மாதத்துக் காலைக் குளிர் காது மடலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. படகின் சுக்கானைப் பிடித்திருந்தவர் குகதாசன். ஊர்காவற்றுறையில் பிறந்து, இந்த ஊரில் படகு எஞ்சின்களைத் திருத்தியே தலை நரைத்தவர். அவருக்கு எதிரே அக்கா மகள் சாம்பவி. அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பாதுகாப்பது அவள் வேலை. ஒரு நாளில் அவள் மூச்சு விடுவதைவிட "தொடாதையுங்கோ" என்று சொல்வதுதான் அதிகம் என்பது மாமாவின் முறைப்பாடு.

மூன்றாவது ஆள் ஒட்வார். பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஹார்ஸ்விக் உரோமத்தோல் வணிகர் சங்கத்தின் இன்றைய தலைவர். அறுநூறு வயதான அந்தச் சங்கத்தின் தலைவருக்கு உரோமம் என்றாலே ஒவ்வாமை! பூனை தெருவைக் கடந்தால்கூட இவர் வீட்டுக்குள் இருந்து தும்முவார். வேறு ஆள் இல்லாததால் பதவி இவர் தலையில் விழுந்தது. மனிதர் அதை உயிராக நேசித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சங்கம் பிறந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. ஒரு பனிக்காலத்தில் வடக்கிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அணில் தோல், மரநாய்த் தோல் என்று பீப்பாய் பீப்பாயாகச் சரக்கு. கரைக்கு வந்து பார்த்தால், துடுப்பு வலித்த ஒருவன் அந்தப் பீப்பாய் ஒன்றில் சாய்ந்தபடியே குளிரில் விறைத்துச் செத்திருந்தான். சுற்றிலும் கதகதப்பான உரோமம். ஆனால் விற்பனைச் சரக்கின் முத்திரையை உடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவன் பெயரைக்கூட யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

வணிகர்கள் கூனிக்குறுகிப் போனார்கள். அன்றைக்கு ஒரு விதி செய்தார்கள். துறைமுகத்தில் எப்போதும் ஒரு மேலங்கி தொங்கும். குளிரில் வந்து இறங்குகிற அந்நியர் யாராயினும் முதலில் அதைப் போர்த்திவிட வேண்டும். பெயர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும். நூறு வருடம் கழித்துக் கடற்கொள்ளையர் ஊரைக் கொளுத்த வந்தபோது, அந்த மேலங்கியை ஒரு தீவில் ஒளித்துவைத்தார்கள். ஒளித்தவர்கள் சண்டையில் மாண்டார்கள். மேலங்கி போனாலும் விதி போகவில்லை. சங்கத்தின் பழைய மண்டபத்தில் இன்றைக்கும் பனிக்காலத்தில் புதிதாக வருபவர்களுக்குக் கட்டிலும் சூப்பும் உண்டு.

குகதாசனும் அப்படி வந்தவர்தான். இளவயதில் மெல்லிய சட்டையும் செருப்புமாகப் பனியில் இறங்கி நின்றார். யாரோ பின்னாலிருந்து ஒரு கோட்டைப் போர்த்தினார்கள். சூப்பைக் குடித்து முடித்த பிறகுதான் பெயரைக் கேட்டார்கள். போர்த்திய கை யாருடையது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மண்டபத்துக்குத்தான் இப்போது ஆபத்து. அதை ஹோட்டலாக்க வேண்டுமென்று நகரசபையில் பாதிப்பேர் நின்றார்கள். விதியாவது மேலங்கியாவது, எல்லாம் கள்ளுக்கடைக் கதை என்றார்கள். மறுநாள் வாக்கெடுப்பு. அதற்குள் ஏதாவது அத்தாட்சி வேண்டும்.

துப்பைப் பிடித்தவள் சாம்பவி. மண்டப வாசலின் மேல், மேலங்கியை ஒளித்த காலத்திலேயே செதுக்கிய, கன்னம் உப்பி ஊதுகிற ஒரு முகம் இருக்கும். தோல் வாங்குகிறவர்கள் உரோமத்தை ஊதி விலக்கி, அடிமயிர் அடர்த்தியா என்று பார்ப்பது வழக்கம். அதைத்தான் சிற்பி காட்டியிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த முகத்தின் கீழே தோல் இல்லை; அலை இருந்தது. எதிரே உள்ள தீவில், கடல் பெருகும்போது புஸ்ஸென்று காற்றை ஊதுகிற ஒரு பாறை உண்டு. கோடையில் அங்கே மீன் பிடிக்கப் போனபோது அந்தக் காற்று அவள் தொப்பியையே பறித்துக்கொண்டு போனது. பாறைக்குள் வெற்றிடம் இல்லாமல் காற்று எங்கிருந்து வரும்?

கடல் நன்றாக வற்றியிருந்த நேரத்தில் ஊதற்பாறையை அடைந்தார்கள். கடல் மட்டத்தில் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. மூவரும் படகுக்குள் மல்லாந்து படுத்தார்கள். குகதாசன் கையால் கூரைப் பாறையைத் தள்ளித் தள்ளிப் படகை உள்ளே விட்டார். பாறை மூக்கை உரசுமளவுக்கு இறங்கி, பிறகு சட்டென்று உயர்ந்தது. டார்ச்சை அடித்தால், வீடளவு பெரிய குகை!

அலை எட்டாத ஒரு மேடையில், பிளவுக்குள் செருகினாற்போல ஒரு பீப்பாய் இருந்தது. சுற்றிலும் தார் பூசியிருந்தது. மூடியில் அதே ஊதுகிற முகம். ஒட்வார் குல்லாயைக் கழற்றினார்.

சாம்பவி படம் எடுத்து, கையுறை மாட்டி, மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே தவிட்டு நிறத்தில் முரட்டுக் கம்பளித் துணி ஒன்று இறுக்கமாகச் சுருட்டித் திணித்திருந்தது. அதன் ஓரமாகக் கைவிட்டுத் துழாவினாள். அடிப்பலகைதான் தட்டுப்பட்டது. ராஜா போடுகிறாற்போல் பளபளக்கும் உரோம அங்கியை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்தது பொதி கட்டுகிற கந்தல். எவனோ முந்திக்கொண்டுவிட்டான் என்றார் ஒட்வார். மூடியிலுள்ள முகமாவது மிஞ்சட்டும் என்று, சாம்பவி பீப்பாயை மூடிப் படகில் ஏற்றச் சொன்னாள்.

அந்நேரம் குகைக்கு மேலே பாறை ஊதத் தொடங்கியது. கடல் திரும்பிவிட்டது! பீப்பாயை ஏற்றிவிட்டு சாம்பவி காலெடுத்து வைக்கவும், படகு ஒரு துள்ளு துள்ளியது. அவள் வழுக்கித் தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனாள். குகதாசன் யோசிக்கவே இல்லை, குதித்தார். ஒட்வார் பாதி உடம்பை நீருக்குள் விட்டு இருவரையும் இழுத்துப் போட்டார். கூரை தலையில் இடிக்க இடிக்க, எப்படியோ வெளியே வந்து விழுந்தார்கள்.

சாம்பவியின் உதடு நீலமாகிவிட்டது. மற்ற இருவரின் உடுப்புகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கரைக்குப் போக இன்னும் நேரமெடுக்கும். படகில் காய்ந்த துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குகதாசன் பீப்பாயின் மூடியைப் பிடுங்கினார்.

"தொடாதையுங்கோ மாமா," சாம்பவியின் பல் கிட்டியது. "ஐந்நூறு வருசத்துச் சாமான். கிழிஞ்சு போகும்."

"அண்டைக்கும் இப்பிடித்தானே பிள்ளை, பீப்பாவைத் திறக்காமல் ஒருத்தனைச் சாகவிட்டவங்கள்," என்றார் மாமா. "பேசாமல் இரு."

சுருளை இழுத்து உதறினார். ஒரு தையல் பிரிகிற சத்தம் கேட்டது. துணி விரிந்தது. அங்கியின் கைகள் விரிந்தன. ஒட்வார் தும்மினார்! ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைமழையாகத் தும்மினார்!

கம்பளியின் உட்புறம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக அணில் உரோமம். அக்காலத்து மக்கள் உரோமத்தை ஊருக்குக் காட்டுவதற்காக அணியவில்லை, குளிருக்காக அணிந்தார்கள். அதனால் அதை உள்ளே வைத்துத் தைத்தார்கள். இவர்கள் மூவரும் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கந்தல் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

ஈர உடுப்பைக் களைந்து அதைப் போர்த்தியதும், சாம்பவியின் நடுக்கம் மெல்ல மெல்லத் தணிந்தது. ஒட்வார் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டார். சின்ன வயதில் அவளுடைய பாற்பல்லைப் பிடுங்கியவரே அவர்தான். ஆனாலும் சங்கத் தலைவர் செய்ய வேண்டிய முறையில், தெளிவாகக் கேட்டார்.

"உங்கள் பெயர் என்ன?"

குளிரில் அவளுக்கு நோர்வே மொழி மறந்துவிட்டது. "என்ர பேர் சாம்பவி," என்று தமிழில் சொன்னாள். எஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்த குகதாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அதே கேள்வியை அவரிடமும் ஒருநாள் கேட்டிருந்தார்கள் அல்லவா?

துறைமுகத்தில் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. முரட்டுக் கம்பளியோடு அவள் படகிலிருந்து இறங்கியபோது, மீன்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

மறுநாள் நகரசபையில் மேலங்கியை மேசைமேல் விரித்தாள் சாம்பவி. ஹோட்டல் வேண்டுமென்று நின்ற ஒருவர், இந்தப் பழந்துணிக்கா இத்தனை ஆரவாரம் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"உள்ளே கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள்."

தொட்டார். கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. மண்டபம் சங்கத்திடமே இருக்கட்டும் என்று முடிவானது. ஒட்வாரின் நன்றியுரை முழுவதும் தும்மலாகவே போயிற்று.

மேலங்கி இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, கம்பளிப்பக்கம் வெளியே தெரியும்படி. பிரிந்த தையலைத் தைக்க சாம்பவி சம்மதிக்கவில்லை. பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் ஒன்றுமில்லை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அதில் அவளுக்குக் கவலை இல்லை.

அந்த வருடத்தின் முதல் பனி விழுந்த மாலையில், அருங்காட்சியகத்துக்கு எதிரே பேருந்து வந்து நின்றது. மெல்லிய சட்டையோடு ஒரு பெண் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நின்றாள். வேலை முடித்து வந்த சாம்பவி தன் ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதை அந்தத் தோளில் போர்த்தி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். மண்டபத்துக்குக் கூட்டிப்போய், சூப் கிண்ணம் காலியாகும்வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பெயரைக் கேட்டாள்.