வண்டியில சிந்திராத

மத்தியானம் இரண்டு மணிக்கே போடிமெட்டு மேலே மூடுபனி இறங்கிவிட்டது. ஏலக்காய் ஸ்டோர் முன்னால் ஜீப்பை நிறுத்தினேன். காய் உலர்த்தும் புகை பனியோடு கலந்து தாழ்வாக நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் சூப்பர்வைசர் விஜயகுமார், முத்துப்பேச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

காய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று மண்டையில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் வலித்ததாம். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, நெற்றி முழுக்கத் தைலம் அப்பியிருந்தார்கள்.

"மருந்தடிச்ச தலைவலிதான், சீனிச்சாமி அண்ணே. வீட்டுல எறக்கி விட்டுருங்க, தூங்குனாச் சரியாயிரும்" என்றான். துணைக்கு ஆள் கேட்டேன். ஆளை அனுப்பினால் சோலி கெட்டுப்போகுமாம்.

எங்கள் மலையில் எந்தத் தலைவலிக்கும் அதுதான் பெயர். செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் எல்லாருக்கும் தலை வலிக்கும். மாத்திரையைப் போட்டுப் படுப்பார்கள், மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். போன வருஷம், இதே தோட்டத்தில் காய் எடுத்த வேலுத்தாய்க்கும் நான் அதையேதான் சொன்னேன்.

அன்றைக்கு வேலுத்தாய் என் ஜீப்பில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாள். வண்டியை நிறுத்தி வாய்க்கு வந்தபடி வைதேன். நாளைக்கு இந்த நாத்தத்தில் எவன் ஏறுவான் என்று கேட்டேன். அப்புறம் வந்த வாந்தியையெல்லாம் அவள் தன் சேலை மடியிலேயே பிடித்துக்கொண்டாள். ஆட்கள் ஊரான சிலமலை வரைக்கும் அதை ஏந்தியபடியே, அசையாமல் உட்கார்ந்து வந்தாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடுறியா?" என்று ஒரு தடவை கேட்டாள். நாக்கு குழறியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். விடிவதற்குள் செத்துப்போனாள்.



முத்துப்பேச்சி அதே சீட்டில் ஏறினாள். வண்டியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

முதல் வளைவு தாண்டுமுன்பே நாற்றம் வந்தது. புளித்த கஞ்சியும் பழைய தைலமும் சேர்ந்த நாற்றம். தொண்டை வரைக்கும் ஏறி, நாக்கில் ஒட்டிக்கொண்டது. முத்துப்பேச்சி அதுவரை வாந்தியே எடுக்கவில்லை.

ஒரு வருஷமாகச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிய வண்டி அது.

பின்னால் குமட்டுகிற சத்தம்.

அதை அடுத்து, இன்னொருத்தி குமட்டுகிற சத்தம்.

கண்ணாடியில் பார்த்தேன். முத்துப்பேச்சி மட்டும்தான் தெரிந்தாள். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிலோ தாங்கி நின்றது. அந்தப் பக்கம் சாய்வதற்கு ஒன்றுமே இல்லை.

"கழுத்தத் திருப்ப முடியலண்ணே" என்று முனகினாள். இடது கண் இமை பாதி மூடிக் கிடந்தது.

என் பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

"வெரசாப் போ."

அது முத்துப்பேச்சியின் குரல் இல்லை.

நான் சிலமலைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டேன். மூளையில் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று தலை வலித்தாலோ, வலியோடு வாந்தி, கழுத்துப் பிடிப்பு, இமைச் சரிவு, பேச்சுக் குழறல் எது வந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே கூட்டிவாருங்கள் என்றார். வேலுத்தாய்க்கு இதில் எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

வாளித் தண்ணீரோடு ஜீப்பைக் கழுவப் போனேன். வழியெல்லாம் முத்துப்பேச்சி வாந்தி எடுத்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். வண்டியில் ஒரு துளி இல்லை. அவள் சேலையிலும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையில் கட்டோடு படுத்திருந்தவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அந்த அக்கா யார் என்று கேட்டாள். எந்த அக்கா என்றேன்.

"ஜீப்புல எம் பக்கத்துல இருந்துச்சே. நான் எடுத்ததையெல்லாம் மடியில ஏந்திக்கிருச்சு. 'வண்டியில சிந்திராத தங்கம், அண்ணே வையும்'னு சொல்லிக்கிட்டே வந்துச்சு."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கீழே வந்து ஜீப்பில் ஏறினேன். நல்ல உச்சிவெயில். சுற்றிலும் ஜன நடமாட்டம். சாவியைத் திருப்பவில்லை, அதற்குள் பின்னாலிருந்து குழறலாகக் கேட்டது.

"அண்ணே, ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை.

"வந்துருச்சு தாயி, எறங்கு" என்றேன்.

வெகுநேரம் நின்றேன். யாரும் இறங்கவில்லை. கடைசி சீட்டின் விளிம்பிலிருந்து மட்டும், புளித்த கஞ்சி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழத் தொடங்கியது.