சாக்கில் இரண்டு ஓட்டைகள்

பொறிக்குள் அகப்பட்ட மிங்க் கத்தவில்லை. மரியரட்ணத்துக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை. டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கத்துத் தோல் பண்ணைகளிலிருந்து தப்பித் திரியும் இந்தக் கீரிச் சாதி கம்பியைக் கடித்துக் கத்தும், வாலடியிலிருந்து குடலைப் பிரட்டும் நாற்றத்தைப் பீய்ச்சும். இதுவோ கோழிக்கூட்டுப் பக்கம் பேசாமல் குந்தியிருந்தது. மத்தியானச் சோறு செமிக்க முன்னமே இருட்டிவிடும் மார்கழி மாதம். தூறலுக்குள், கையிலிருந்த சாக்கில் ஈரச் சணலும் பழைய வியர்வையும் மணத்தன.

"ஒரே வெடியில முடியுங்கோ. துடிக்க விட்டா இனி அந்தத் துவக்கு வீட்டுக்குள்ள வராது," என்றாள் மனைவி பற்றிமா, குசினிக் கதவடியில் நின்று. கோழிகள் அவளுடையவை. செத்தது ஒன்பது கோழி என்றாலும், கொன்ற மிருகத்துக்கும் இரக்கப்படுவாள். அவளில்லாத இந்த வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

"ஓம், நீர் உள்ளுக்குப் போம்."

பொறிக்கூண்டைச் சாக்கால் மூடினால் மிருகம் இருட்டில் அடங்கும்; அது அவராகக் கண்டுபிடித்த வழி. அரிசி வந்த சணல் சாக்கைப் போர்த்தி, பார்ப்பதற்கு ஓர் ஓட்டை வெட்டி, டோர்ச் அடித்துக் காதைக் கண்டுகொண்டார். சின்ன ரைபிளின் முனையை ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்கோடு அழுத்திச் சுட்டார். அலுமாரிக் கதவு சாத்தின அளவுக்குத்தான் சத்தம். சணலில் இரத்தம் ஊறியது.

பிறகு உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

மிருகத்தின் மூச்சல்ல. நீளமாக, மூக்கடைத்த மனிதன் விடுவதுபோல. அவர் வெட்டிய ஓட்டைக்குள்ளேயே முனையைச் செருகிச் சுட்டார். குண்டு போன ஓட்டைக்குள்ளும் சுட்டார். எலும்பு நொறுங்கியது. சூடான இரத்தம் முகத்தில் தெறித்தது. மூச்சு நிற்கவில்லை. துவக்கு வெறுமையாகும் வரைக்கும் சுட்டார்.

பின்வாங்கியபோதுதான் கண்டார். இரண்டு ஓட்டைகள். ஒரே உயரத்தில். ஒரு மனிதனின் கண்கள் இருக்கிற இடைவெளியில்.

எண்பதுகளில், யாழ்ப்பாணத்தில், இலங்கை ஆமி ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டது. ஜீப்பில் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. காட்டிக்கொடுக்கிற அவனைத் தலையாட்டி என்பார்கள். அவன் ஆரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அவனைப் பச்சைச் சட்டை ஆமிக்காரர் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மரியரட்ணத்தின் அண்ணையைப் பார்த்து ஆட்டினான். அண்ணை திரும்பி வரவேயில்லை.

இத்தனை வருஷம் கழித்து, தன் கையாலேயே அப்படி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்.

சாக்கு எழும்பியது. கூண்டை விட உயரமாக. அவர் நெஞ்சளவுக்கு. ஓட்டைகளுக்குள் ஈரமாக இரண்டு கண்கள். அவை அவரைப் பார்த்தன. சாக்கு அசையவில்லை.

குசினிக் கதவு திறந்தது.

"முடிஞ்சுதே?" என்றாள் பற்றிமா.

சாக்கு அவள் பக்கம் திரும்பியது.

மெதுவாக, ஒரே ஒரு தரம், அது தலையாட்டியது.

பற்றிமாவுக்குப் பின்னால் லைட் எரிந்த வெறும் குசினிக்குள்ளிருந்து, பச்சைச் சட்டை போட்ட கை ஒன்று நீண்டு அவள் தலைமயிரைப் பிடித்தது.