மேசைவிரிப்பில் நான்கு வட்டங்கள்

அடுக்களைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பேனாவின் தலையை அழுத்துகிற மாதிரி, சின்னச் சத்தம்தான். ஆனால் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்து, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்குக் காதுக்குள் ஊசி இறங்கினாற்போல் இருந்தது.

போட்டுவிட்டாள். இன்றைக்கும் போட்டுவிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் 'செக்கர் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் அவளுக்கு அதுதான் வேலை. தைத்து வந்த சட்டைகளை வெள்ளை விளக்கின் கீழே விரிப்பாள். எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அம்புகளை ஒட்டித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், இந்த வீட்டை வாங்கினாள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது. கண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னபோது அவள் கலங்கவில்லை. கலங்கியது டீ விஷயத்தில்தான். ஷிஃப்ட்டுக்கு நடுவே குடித்துக் குடித்துப் பழகிய டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழுந்தால்தான் அவளுக்கு அது டீ. சர்க்கரை இல்லாத டீயை முதல் நாள் வாயில் வைத்துவிட்டுக் கோப்பையை அப்படியே தள்ளி வைத்தாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த மருமகள், டாக்டரிடம் கேட்டு, சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற மாத்திரையை வாங்கி வந்தாள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி. தலையை அழுத்தினால் அடியிலிருந்து கடுகளவு வெள்ளை மாத்திரை ஒன்று விழும். டக்.

"இதுல சக்கரையே இல்ல அத்தை. ஆனா இனிக்கும்" என்றாள் மருமகள்.

சர்க்கரையே இல்லாமல் எப்படி இனிக்கும்? சந்தேகத்தின் முதல் முடிச்சு அங்கேதான் விழுந்தது. குடித்தால் அடிநாக்கில் லேசான கசப்பு தங்கியது. பெட்டியின் மேல் என்னென்னவோ அச்சடித்திருந்தது. அதையெல்லாம் அவள் நம்பவில்லை. ஒரே துணியில் தைத்த சட்டைக்குக் காலையில் ஒரு லேபிளும் மத்தியானம் வேறொரு லேபிளும் வைத்துத் தைத்ததைப் பார்த்தவள் அவள். லேபிள் என்பது கடைசியாகத் தைப்பது. உள்ளே இருப்பது வேறு.

மகள் வெளியூரில் இருந்தாள். ஒரு நாள் போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எதைக் குடுத்தாலும் பாத்துக் குடிம்மா... வீடு இன்னும் உன் பேர்லதானே இருக்கு?"

அந்த இரண்டு வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருந்ததா, மகளே யோசித்துச் சொன்னாளா என்று தெரியாது. ஆனால் செக்கர் அம்மா இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து டீயை வாஷ்பேசினில் கொட்டினாள். டீ இல்லாத ஏக்கத்துக்குப் பீரோவில் ஒளித்து வைத்த பிஸ்கட்டைத் தின்றாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? அவளோ பிஸ்கட்டைச் சந்தேகிக்கவில்லை. ஆரம்பத்தில் குடித்த மாத்திரை உடம்பில் தங்கிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

'டக்' கேட்ட இந்தக் காலையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

மருமகள் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வழக்கம்போல் விளிம்பு வரை ஊற்றி, அடியில் வழிந்திருந்தது. மாமியாருடையதை மருந்து டப்பா பக்கம் வைத்துவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் பின்பக்கம் போனாள். மகன் லிஃப்ட் மெக்கானிக்; எங்கோ மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறக்க விடியும் முன்பே கிளம்பியிருந்தான். வீட்டில் அவர்கள் இருவர்தான்.

செக்கர் அம்மா எழுந்தாள். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பை. இதை அங்கே வைத்தாள், அதை இங்கே வைத்தாள். நான்கு நொடி. திரும்பி வந்து உட்கார்ந்து செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லதுதான் என்றால் அவள் குடிக்கட்டுமே. கெட்டதென்றால்... அவள் கொடுத்தது, அவளுக்கே போகட்டும்.

மருமகள் வந்து நின்றாள். மேசையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். செக்கர் அம்மா தன் டீயை வாயில் வைத்தாள். தேன். எத்தனை மாதம் கழித்து...

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அதே கதைதான். காலையில் மோட்டார் நேரம், மாலையில் மருமகள் முகம் கழுவப் போகும் நேரம். இரண்டாம் நாளிலிருந்து அந்தத் தேன் இனிப்பு ஒரு படி குறைந்தாற்போல் இருந்தது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முக்கியமான விஷயம், அந்த அடிநாக்குக் கசப்பு இல்லவே இல்லை. அது ஒன்று போதாதா? ஒளித்து வைத்த பிஸ்கட்டும் தேவைப்படாமல் போயிற்று.

ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. இப்போதெல்லாம் டீ கலக்கும்போது மருமகள் குழாயைத் திறந்துவிடுகிறாள். 'டக்' கேட்கும், உடனே 'சோ' என்று தண்ணீர்ச் சத்தம். கழுவப் பாத்திரமே இல்லாதபோதும் எதற்குத் தண்ணீர்? இன்னொன்று. பெட்டியில் நூறு மாத்திரை என்று போட்டிருந்தது. நாளைக்கு இரண்டு என்றால் ஐம்பது நாள் வர வேண்டும். இருபத்தைந்தாம் நாளே காலிப் பெட்டி குப்பைக் கூடையில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அளவைக் கூட்டிவிட்டாள். இரண்டு பங்காகப் போடுகிறாள். போடட்டும், போவது அவள் வயிற்றுக்குள்தான்.

அந்த எண்ணம் வந்தபோது அவள் மனம் சற்றுத் தயங்கியது. ஆனால் தயக்கத்தையும் ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

ஒரு நாள் மருமகளுக்குக் கடுமையான காய்ச்சல். ஆனாலும் எழுந்து டீ போட்டாள். செக்கர் அம்மாவின் கை கோப்பைமேல் போய் நின்றது. இரட்டைப் பங்கு மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதோ... நின்ற கை, பழக்கத்தில் மாற்றிவிட்டது. ஆனால் மத்தியானம் உட்கார முடியவில்லை. இரண்டு தடவை அறை வாசலில் போய் நின்றாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஏறி இறங்கியது. திரும்பி வந்து, தான் ஏன் போனோம் என்று தன்னையே கேட்காமல் இருந்துகொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து பரிசோதனை முடிவு வந்தது. அளவு நன்றாக இறங்கியிருந்தது. "என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்று டாக்டர் சிரித்தார். செக்கர் அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்த காரணம் வேறு.

மறுநாள் மகனுக்கு விடுமுறை. மருமகள் மட்டும் கடைக்குக் கிளம்ப வேண்டும். மேசைக்கு டீ வந்ததும், பின்பக்கம் போகத் திரும்பியவளைச் செக்கர் அம்மா நிறுத்தினாள்.

"இரு. இன்னைக்கு உன் எதிர்லயே மாத்துறேன்."

கோப்பைகளை மாற்றினாள். ரிப்போர்ட்டை மகன் முன்னால் போட்டாள். மூன்று மாதக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள்: மாத்திரையை, குழாய்ச் சத்தத்தை, இருபத்தைந்து நாளில் காலியான பெட்டியை. குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது. தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அம்பை ஒட்டுகிற நேரத்தில் அவள் கை எப்போதும் நடுங்கியதில்லை.

"இவ மாத்திரையைக் குடிச்சப்ப எனக்கு ஏறிச்சு. சக்கரை போட்ட இவ டீயைக் குடிச்சேன், இறங்கிடுச்சு. இதுக்கு என்னடா அர்த்தம்? நானா இவளா, இன்னைக்கே சொல்லிடு. நான் உன் தங்கச்சி வீட்டுக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்கேன்."

மகன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, ஒரே ஒரு கணம், மனைவியைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் மருமகளின் முகத்தில் ஏதோ அணைந்தது. செக்கர் அம்மாவின் கண்ணுக்கு அதுவும் தப்பவில்லை.

மருமகள் அழவில்லை. அடுக்களைக்குள் போய்ச் சின்னப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"ரெண்டு கப்லயும் இதான் அத்தை இருக்கு. முதல் நாள் மட்டும்தான் நீங்க சக்கரை குடிச்சீங்க. மறுநாள்லேர்ந்து நானும் இதைத்தான் போட்டுக்கறேன்."

"எதுக்கு?" மகன்தான் கேட்டான்.

"மாத்திக் குடிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. என் கப்ல சக்கரை இருந்தா அவங்களுக்கு ஏறுமே. ரெண்டு சத்தம் கேட்டா கண்டுபிடிச்சுருவாங்கன்னு குழாயைத் திறந்து வெச்சேன்."

மகன் இரண்டு கோப்பையிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தான். பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் செக்கர் அம்மா. அந்த நேரத்திலும் அவளுக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

மருமகள் மேசைவிரிப்பைக் காட்டினாள். கோப்பை அடியில் வழிந்த டீ, வைத்த இடத்திலெல்லாம் ஈர வட்டம் போட்டிருந்தது. வைத்தபோது இரண்டு. மாற்றி வைத்தபோது அவற்றின்மேல் பொருந்தாமல், சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு.

"நான் வெச்சா ரெண்டு வட்டம் விழும். நீங்க மாத்தினா நாலு. தினமும் நாந்தானே அத்தை துடைக்கறேன்."

கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மாத்திரையை நம்பாதது தப்பில்ல. ஆனா அதை விஷம்னு நினைச்சீங்க... நினைச்சுக்கிட்டே, தினமும் நான் குடிக்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. காய்ச்சல்ல கிடந்தேனே, அன்னைக்கும் மாத்தினீங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மகன் எழுந்து தன் அறைக்குள் போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். போன் அடித்தது, மகளாக இருக்கும். செக்கர் அம்மா எடுக்கவில்லை. கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அன்று முழுவதும் அவள் மேசை எதிரிலேயே இருந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பேர் தையலில் அம்பு ஒட்டியிருப்பாள்! தன் தையலை ஒரு நாளாவது வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருக்கிறாளா? கணவனின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் எதையோ மறைக்கிறார்கள் என்று டாக்டரோடு சண்டை போட்டது நினைவு வந்தது. அன்றிலிருந்து தொடங்கியதோ? யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று இத்தனை வருடம் காவல் காத்ததில், யாராவது தனக்கு நல்லது செய்தால் அதைத் தெரிந்துகொள்ளும் புத்தியே மழுங்கிவிட்டதோ? அந்த அடிநாக்குக் கசப்பு மாத்திரையில் இருந்திருந்தால் இந்த மூன்று மாதமும் இருந்திருக்குமே. சர்க்கரை என்று நம்பியதும் அது எங்கே போயிற்று?

மாலை ஆறரைக்கு வர வேண்டியவள் வரவில்லை. ஏழு ஆயிற்று. மகன் இரண்டு தடவை தெருமுனை வரை போய்வந்தான். அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளோ என்று முனகினான். ஏழே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

செக்கர் அம்மா அடுக்களைக்குள் எழுந்து போனாள். அவள் டீ போட்டுப் பல வருடமாயிற்று. குழாயைத் திறக்கவில்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு 'டக்'.

இரண்டு கோப்பைகளையும் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் பையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டிருக்கேன். வியாதி எனக்குத்தானே. நீ எதுக்கு..."

மருமகள் ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, பாயசம் மாதிரி இருக்கு அத்தை. எனக்கு நாக்கே மாறிப்போச்சு."

செக்கர் அம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே வரும்போது அழுகையாக மாறிவிட்டது. மேசையைப் பிடித்தபடி குனிந்துவிட்டாள்.

"எப்படிம்மா திரும்பி வந்தே... நான் உன்னை..."

"அக்கா வீட்டுக்குத்தான் பஸ் ஏறினேன்." மருமகளின் கண்ணும் நிறைந்திருந்தது. "பாதில இறங்கிட்டேன். அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தப்ப ரெண்டு தரம் வந்து வாசல்ல நின்னீங்க. மூச்சு வருதான்னு பாத்தீங்க. நான் தூங்கல அத்தை."

செக்கர் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தான் பார்த்துக்கொண்டே இருந்தவள், தன்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையை நீட்டினாள். மருமகள் அந்தக் கைக்குள் வந்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். மகன் கதவருகே நின்று, இருவரில் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் விழித்தான்.

டீ ஆறிவிட்டது. ஆறினாலும் பரவாயில்லை என்று இருவரும் குடித்தார்கள். மருமகள் மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தாள். கோப்பைகளைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டு வட்டம்தான் இருந்தது.