ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை

சுவாமிநாதன் காரை நிறுத்திய அழகைப் பார்த்துவிட்டு, எங்கேயோ வீடு பற்றி எரிகிறது என்றுதான் கந்தசாமி நினைத்தான். பாதிக் கார் புல்வெளியில் நின்றது. பின்னாலேயே சுவாமிநாதன் மனைவி மீனாக்ஷி இறங்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கையில் மைசூர்பாகு டப்பா.

"கொண்டாடறதுக்குப் பண்ணது அக்கா. இனிமே யாரு சாப்பிடறது? நீங்களே வச்சுக்கோங்க" என்று நாகலக்ஷ்மியிடம் நீட்டினாள்.

நாகலக்ஷ்மி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவசரம் என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. சான் ரமோனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடிப்பது அவள் உத்தியோகம். எரிந்த கடையில் எது தானாக எரிந்தது, எது முதலாளி கையால் எரிந்தது என்று வருஷக்கணக்காகப் பார்க்கிறவள். அன்று அவளுக்கு லீவு. அவள் கணவன் கந்தசாமி சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்கும்வரை வீட்டில் இருந்ததால், மனைவிக்கு உதவித் துப்பறிவாளர் பதவியை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தான்.

சுவாமிநாதன் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. கந்தசாமி எடுத்துப் பேசிவிட்டு வைத்தான்.

"கேட்டியிலேர்ந்து உன் அக்கா. அங்கே லஞ்ச்சே முடிஞ்சாச்சாம். கம்ப்யூட்டர்ல ஏதோ கேக்கணுமாம். அப்புறம் கூப்பிடறோம்னுட்டேன். நீங்க சொல்லுங்க சுவாமி!"

"உள்ளேயே இருந்துக்கிட்டு ஒருத்தன் எங்களைக் கவுத்துட்டான் அக்கா" என்றான் சுவாமிநாதன்.

அது 1999. இன்டர்நெட்டுக்குள் நுழைகிறவர்கள் போர்ட்டல் என்கிற பெரிய வாசல்கள் வழியாகத்தான் போவார்கள். செய்தி, மெயில், ஷேர் விலை, ராசிபலன் எல்லாம் அங்கே ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆனால் நடுவில் இருக்கும் தேடல் பெட்டி மட்டும் பெரும்பாலும் இரவல் சரக்கு. அதற்குப் பின்னால் ஓடும் இயந்திரத்தைச் சின்னக் கம்பெனிகள்தான் சப்ளை செய்துகொண்டிருந்தன. ஒரு போர்ட்டலுக்குப் பிடித்துப்போனால் கம்பெனி பிழைத்தது, இல்லாவிட்டால் வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். சுவாமிநாதனின் குவெஸ்ட்லாம்ப், மெயின்கேட் என்ற போர்ட்டலுக்காக ஃபெட்ச்ரைட் என்ற கம்பெனியோடு கடைசிச் சுற்றில் மோதிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் காலைல ஆறுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் டெஸ்ட். மெயின்கேட் ஆளுங்க கேள்வி மேல கேள்வியா அனுப்புவாங்க, யாரு சீக்கிரம் பதில் சொல்றான்னு பாப்பாங்க. பத்து மணிக்கு அவங்க வைஸ் பிரசிடெண்ட் லிண்டாவே வந்து உக்காருவாங்க. அதுதான் முக்கியமான கட்டம். போன வாரம் ரிஹர்சல்ல எங்க மெஷின் பறந்துச்சு அக்கா! இன்னிக்கு ஏழு மணிக்கு திடீர்னு நொண்ட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல தானா சரியாச்சு. எட்டு மணிக்கு மறுபடி. பத்து மணிக்கு, லிண்டா கண்ணு முன்னாடியே, மூணாவது தடவை. மானமே போச்சு."

"ஒன்பது மணிக்கு?"

"ஒன்பதுக்கா? ஒண்ணும் ஆகலையே."

"மூணுல எது ரொம்ப மோசம்?"

"ஏழு மணி."

"ஒன்பது மணிக்கு அந்த மதன் காபி குடிக்கப் போயிருப்பான்!" என்று மீனாக்ஷி பொரிந்தாள். "எத்தனை நாள் எங்க வீட்ல சாப்பிட்டிருக்கான்! அவனை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கணும்."

மதன் அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர். மூன்று தடவையும் இயந்திர அறையில் தனியாக இருந்தவன் அவன்தான். போன மாதம் ஃபெட்ச்ரைட்டில் இன்டர்வியூவுக்குப் போய்வந்திருக்கிறான். போதாக்குறைக்கு, யார் எங்கிருந்து என்ன தேடுகிறார்கள் என்று பதிவு செய்யும் வசதியை இன்று விடியற்காலையில் அவனே நிறுத்தி வைத்திருக்கிறான்.

"மூணு மணிக்குள்ள காரணம் சொல்லலைன்னா ஃபெட்ச்ரைட்டுக்குத்தான்னு லிண்டா சொல்லிட்டாங்க. மதனை அனுப்பிட்டு, ஆள் மாட்டிட்டான்னு சொல்லலாம்னு இருக்கேன்" என்றான் சுவாமிநாதன்.

"அனுப்பினா அவன் கதி?"

சுவாமிநாதன் தரையைப் பார்த்தான். "விசா போயிடும். ஊருக்குக் கிளம்பணும். அவன் வைஃபுக்கு இது எட்டாம் மாசம்."

இரண்டாவது மைசூர்பாகை எடுக்கப் போன கந்தசாமி கையை இழுத்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரி வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துதா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"ஒண்ணுமில்ல. டின்னருக்கு வரலைன்னு சொல்ல வீட்டுக்கு ஃபோன் பண்ணேன், ரொம்ப நேரமா எங்கேஜ்டு."

"இன்டர்நெட்ல இருந்தேன், இருக்கிறது ஒரே லைன்!" என்றாள் மீனாக்ஷி. "தமிழ்ச் சங்கம் செக்ரட்டரின்னா சும்மாவா? எல்லார்கிட்டயும் இவருக்காக வேண்டிக்கச் சொன்னேன். அது தப்பா?"

"வேண்டிக்கறது தப்பே இல்ல" என்று நாகலக்ஷ்மி எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

பிசினஸ் பார்க்கில் குவெஸ்ட்லாம்ப் ஆபீஸ் இரண்டே அறைதான். உள் அறையில் மதன் ஓர் அட்டைப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். காபி கோப்பை, இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளையார், திரையோரம் ஒட்டி வைத்திருந்த குழந்தையின் ஸ்கேன் படம்.

"நானே போயிடறேன் சார். அதை உங்க வாயால சொல்ற கஷ்டம் வேணாம்" என்றான்.

கந்தசாமி தடாலென்று மேஜைக்கடியில் புகுந்து ஒயர்களை ஆராயத் தொடங்கினான். நாகலக்ஷ்மி மதனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பதிவை ஏம்பா நிறுத்தினே?"

"சுமை குறைஞ்சா வேகம் கூடும் அக்கா. தேவையில்லாதது எல்லாத்தையும் நிறுத்துடான்னு சார்தான் சொன்னார்."

சுவாமிநாதன் தலையைச் சொறிந்தான். சொன்னது உண்மைதான்.

"ஃபெட்ச்ரைட் இன்டர்வியூ?"

"போனேன். வேலையும் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். குழந்தை பொறக்கிற நேரத்துல, மீனாக்ஷி அக்கா இருக்கிற இடத்தை விட்டுப் போவானேன்னு என் வைஃப் சொன்னா."

மீனாக்ஷி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மெஷின் நொண்டறப்போ நீ என்ன பண்ணே?"

"கீழ விழாம தாங்கிப் பிடிச்சேன். ஒரு மெஷின்ல கூட்டம் சேர்ந்தா அடுத்த மெஷினுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தேன். மெதுவாத்தான் போச்சு. ஆனா பதில் சொல்லாம ஒரு கேள்வியைக்கூட விடல."

தலையெல்லாம் ஒட்டடையோடு கந்தசாமி வெளியே வந்தான். "ஒயர் எல்லாம் சரியா இருக்கு நாகு. என் தியரி இதுதான். ஃபெட்ச்ரைட் ஆளுதான் வெளியிலேர்ந்து தாக்கியிருக்கான். ஒன்பது மணிக்கு அவனுக்கு மீட்டிங்!"

"பாதி சரி. வெளியிலேர்ந்துதான் வந்துது" என்றாள் நாகலக்ஷ்மி. "எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

"கெடுக்கணும்னு நினைக்கிறவன் லிண்டா பாக்கிற பத்து மணிக்கு மட்டும் கெடுத்தாப் போதும். ஏழு மணிக்கே ஏன் காட்டிக் குடுத்துக்கணும்? எட்டுக்கும் வந்தவன் ஒன்பதை மட்டும் ஏன் விடணும்? அந்த ஒன்பதுதான் எனக்கு உறுத்திச்சு. ஏங்க, இங்கே ஏழு மணின்னா நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல?"

"பத்து" என்றான் கந்தசாமி.

"இங்கே எட்டுன்னா கேட்டில?"

"பத்து."

"இங்கே பத்துன்னா?"

"பத்... அடேங்கப்பா!"

"ஒன்பதுன்னா டென்வர் பக்கம் பத்து. அங்கே நம்ம ஜனம் கொஞ்சம்தான், அதனால மெஷினுக்கு உறைக்கவே இல்ல. நியூ ஜெர்சில நம்ம கூட்டம் ஜாஸ்தி, அதான் ஏழு மணி மோசம். மூணு ஊர்லயும் யாரோ கூட்டத்தைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆளுக்கு ஆள் அவங்கவங்க கடிகாரத்தைப் பாத்து வந்திருக்காங்க."

எல்லார் கண்ணும் மெல்லத் திரும்பி மீனாக்ஷியிடம் வந்து நின்றது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! வெறும வேண்டிக்காம, காலைல பத்து மணிக்கு எங்க மெஷின்ல ஓடற டெமோ சைட்டுக்குப் போய் ஆளாளுக்கு ஏதாவது தேடிப் பாருங்க, இவருக்கு உற்சாகமா இருக்கும்னு எழுதினேன் அக்கா. எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் அனுப்பினேன். எந்த ஊர் பத்து மணின்னு போடவே இல்லையே!"

நாகலக்ஷ்மி ஸ்பீக்கர் ஃபோனில் கேட்டி எண்ணைப் போட்டாள். அவள் அக்கா அபயாம்பாள் 'ஹலோ' கூடச் சொல்லவில்லை.

"ஏண்டி, அந்த சான் ரமோன் பையன் பாஸா ஃபெயிலா? மெயில்ல சொன்ன மாதிரி டாண்ணு பத்து மணிக்கு உக்காந்து என் பேரைப் போட்டேன். மாயவரம் அபயாம்பாள் கோயில் வந்துது! ஆனா ரொம்ப நேரம் சுத்திச்சு. எங்க தெருவுல எல்லாருக்கும் அப்படித்தானாம். அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்!"

கந்தசாமி வாய்விட்டுச் சிரித்தான். சுவாமிநாதனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மீனாக்ஷி எழுந்து போய் மதனின் அட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "குத்தவாளி நான்தான்டா. உன்னைப் போய் என்னென்ன பேசிட்டேன்! என்னை மன்னிச்சுடுடா" என்று தேம்பியபடியே ஒவ்வொரு சாமானாக எடுத்து வெளியே வைத்தாள். ஸ்கேன் படத்தை ஒட்டும்போது தலைகீழாக ஒட்டிவிட்டாள். மதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை நேராக்கினான்.

"இதை லிண்டாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றான் சுவாமிநாதன்.

"நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

சொன்னான். மறுமுனையில் லிண்டா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள். அத்தனை கூட்டத்திலும் இயந்திரம் ஒரு நிமிஷம்கூட விழவில்லையா? இல்லை என்றான் மதன். அப்படியானால் இன்றைய கணக்கு செல்லாது என்றாள் அவள். மெயின்கேட் வாசலில் தினமும் கூட்டம்தானே, அதனால் நாளைக்கு இரண்டு கம்பெனிகளையும் கூட்டத்தோடு சோதிப்போம், இயந்திரத்தைத் தாங்கிப் பிடித்த அந்த என்ஜினீயரும் கட்டாயம் வர வேண்டும், பத்து மணிக்கு ஆரம்பம் என்றாள்.

"எந்த ஊர் பத்து மணி?" என்று அறையில் இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மறுநாள் கூட்டம் ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் ஃபெட்ச்ரைட் படுத்துவிட்டது. குவெஸ்ட்லாம்ப் மூச்சு வாங்கியதே தவிர விழவில்லை. மெயின்கேட்டின் தேடல் பெட்டிக்குப் பின்னால் அதுதான் ஏறியது. மதன் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. வெண்பா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சேதியையும் எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் மெயில் அனுப்பியது மீனாக்ஷிதான். ஜாதகம் எழுதுகிறவர்களுக்காகப் பிறந்த நேரத்தைப் போட்டு, பக்கத்திலேயே பசிபிக் நேரம், பசிபிக் நேரம், பசிபிக் நேரம் என்று மூன்று தடவை எழுதியிருந்தாள்.