டிக்கியின் மேல் இரண்டு கைகள்

நொரீன் ஷிர்மரின் வீட்டு வாசலில் லைல் ட்ரெலோர் தன் வெள்ளை வேனை நிறுத்தியபோது நல்ல மத்தியான வெயில். ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டா ஊரின் ஒதுக்குப்புறத்தில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு பழைய கல் வீடு. இறங்கியதுமே வீட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து உதட்டைச் சுழித்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்கும், இந்த ஜென்மங்களுக்கு அது கூடத் தெரியாது என்பான்.

கார் துடைத்து மெருகேற்றுவது தொழிலான லைலுக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள். கார் துடைக்கத் தெரிந்தவன், தெரியாத கழுதைகள். முதல் வகையில் அவன் ஒருவன்தான். பாத்திரம் விளக்கும் சோப்பில் கார் கழுவுகிறவனைப் பார்த்தால் ரோட்டிலேயே வேனை நிறுத்தி, "ஏன்யா, அப்படியே கம்பிப் பிரஷ்ஷும் போட்டுத் தேச்சிடேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். இப்படிப்பட்ட மகானுபாவன் போன வருஷம் கடற்கரைக் கார் காட்சியில் ஓப்ஸ்ட் என்ற ஒரு மூக்குக்கண்ணாடிக்காரனிடம் பளபளப்புக்கான கோப்பையைக் கோட்டைவிட்டான். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பை கைக்கு வந்தாக வேண்டும். அதற்குத்தான் நொரீன் வீட்டுக் கொட்டகையில் கிடந்த கரும்பச்சை ஹோல்டன் கார் மேல் கண் வைத்து, கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

கொட்டகைக்குள் இருட்டாக இருந்தது. பழைய எண்ணெய் வாடையும் யூகலிப்டஸ் இலை வாடையும் கலந்து மூக்கில் ஏறின. காரின் முன் சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்.

"செங்கல் எதுக்கு? தரை சமமாத்தானே கிடக்கு?"

"வைக்கலேன்னா நகரும்," என்றாள் நொரீன். எழுபதைத் தாண்டியவள், இடுப்பு வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவள்.

"ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அதைப் போட்டாலும் நகரும். இந்தா பாரு லைல், என் வீட்டுக்காரர் மெர்வுக்குத் தன் காரை நாலு பேர் பார்த்தா பிடிக்கும். அதனாலதான் தரேன். நீ எங்கே வேணா உன் களிமண் கட்டியைப் போட்டுத் தேய்ச்சுக்கோ. டிக்கி மேல மட்டும் போடாதே. வெறும் தண்ணி ஊத்திக் கழுவு, போதும்."

"ஏனாம்?"

நொரீன் கொட்டகை வாசல் வழியாக வெளியே கை காட்டினாள். ரயில்வே கேட் அங்கேயே தெரிந்தது.

"அந்த இடத்துலதான் கார் நின்னு போச்சு. நான் ஸ்டியரிங்ல உட்கார்ந்திருக்கேன். மெர்வ் இறங்கி டிக்கியில ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளினார். கார் தாண்டிச்சு. அவர் தாண்டலை."

அவள் சட்டைப் பையிலிருந்து சாண்ட்விச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். டிக்கி மேல் மெல்ல வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"கை இன்னும் இங்கேயே இருக்கு. வெறுங்கைக்குத் தெரியாது, பை போட்டாத் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து தொட்டுட்டுப் போவேன். அவர்ல எனக்கு மிச்சம் இதுதான்."

பை போட்டுத் தடவினால் பெயிண்டில் குத்தி நிற்கும் பொடியெல்லாம் விரலுக்குப் பெரிதாகத் தெரியும். அது லைலின் தொழிலில் பால பாடம். இந்தக் கிழவி அந்தப் பாடத்தை எடுத்து அதில் புருஷனைக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி சரி, தொடமாட்டேன்," என்றான். செங்கற்களைக் காலால் எத்தி ஓரம் தள்ளினான்.

அன்று சாயங்காலமே காரைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் வேலையை ஆரம்பித்துவிட்டான். கார் கழுவி முடிந்தது. களிமண் கட்டியை எடுத்தான். பெயர்தான் களிமண், கையில் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல இருக்கும். பெயிண்டின் மேல் வழுக்கு நீரைத் தெளித்து அதைத் தேய்த்துக்கொண்டே போனால், குத்தி நிற்கும் தூளெல்லாம் கட்டிக்குள் ஏறிவிடும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்து, சுத்தமான பக்கத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பானெட், கதவு, கூரை எல்லாம் முடிந்தன. கட்டி வழவழவென்று ஓடியது.

நடுவில் தேநீர் குடிக்க உள்ளே போய்விட்டு வந்தால், ஹோல்டன் முன்னால் வந்து சுவரோரத் தண்ணீர் வாளியை நசுக்கிக்கொண்டு நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தது.

"ஓட்டை வண்டி," என்றான். பின்னுக்குத் தள்ளி நிறுத்தினான். தள்ளும்போது யாரோ எதிர்ப்பக்கம் நின்று முட்டுக் கொடுப்பது போலிருந்தது.

மிச்சம் டிக்கி. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி மின்னியது. அவன் கையில் பையை மாட்டிக்கொண்டு சும்மா தடவிப் பார்த்தான்.

சொரசொரப்பு.

விரலை நகர்த்தினான். சொரசொரப்பு ஒரு இடத்தில் நின்றது. அடுத்து ஒரு வழவழப்பு. மறுபடி சொரசொரப்பு. அது ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. கீழே அகலமான உள்ளங்கை. சற்றுத் தள்ளி அதே போல் இன்னொரு கை. இடது கையின் மோதிர விரலில் மட்டும் நடுவே வழவழவென்று ஒரு வளையம்.

லைல் கையை எடுத்தான். பட்டறைக்குள் இரும்பு கருகிய நாற்றம் அடித்தது. ரயில் அவசரமாக பிரேக் போட்டால் வருமே, அந்த நாற்றம். வெளியே ரயில் எதுவும் போகவில்லை.

பயந்தானா? பயந்தான். ஆனால் அவனுக்குப் பயத்தை விடப் பெரியது ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடுவரும் இதே போல் கையில் பை மாட்டிக்கொண்டுதான் வருவார். டிக்கியில் விரல் வைத்ததும் புருவத்தைத் தூக்குவார். ஓப்ஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் லைலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போய்யா, செத்தவனுக்கு எதுக்குக் கை," என்று சொல்லிவிட்டுக் கட்டியை டிக்கி மேல் வைத்துத் தேய்த்தான்.

கட்டி ஓடவில்லை. பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். சர்ரக், சர்ரக் என்று சத்தம் வந்தது. கட்டி கைக்குள் வெதுவெதுப்பாகச் சுட்டது. திருப்பிப் பார்த்தபோது கறுத்த பரப்பில் மெல்லிய ரேகைகள் சுழன்று கிடந்தன. மளமளவென்று உள்ளே மடித்துப் பிசைந்தான்.

பை மாட்டித் தடவினான். எல்லாம் வழவழப்பு.

இதோடு அவன் கட்டியைத் தூக்கி எறிந்திருந்தால் கதை வேறு. ஆனால் இந்தத் தொழிலில் பழைய கட்டியை யாரும் உடனே எறிவதில்லை. தரையில் விழுந்தால்தான் குப்பை, ஏனென்றால் மண் ஒட்டிக் கீறிவிடும். விழாத கட்டி நல்ல பெயிண்டுக்கு ஆகாவிட்டாலும் கண்ணாடிக்கு ஆகும், வேலைக்கார வண்டிக்கு ஆகும். லைலின் வேனுக்கு எப்போதுமே அடுத்தவன் கார் அழுக்குக் கட்டிதான். அதை எடுத்துப்போய் வேனின் பின் கதவுகளில் ஒரு தேய் தேய்த்தான். கட்டி அங்கே வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. போகப் போகக் கறுப்பு வெளுத்து, கட்டி புதுசு போல் ஆகியது. அப்படி எந்தக் கட்டியும் ஆகாது. லைல் அதைக் கவனித்தான், கவனித்தும் தன் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் நொரீன் டாக்ஸியில் வந்து இறங்கினாள்.

"நாளைக்குக் கூட்டமா இருக்கும். இன்னிக்கே தொட்டுட்டுப் போயிடறேன்," என்று பையை மாட்டிக்கொண்டாள். டிக்கி மேல் கை வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். நேரம் போகப் போக அவள் கை வேகமாகத் தேடியது. கடைசியில் நின்றது.

லைல் ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கே அந்தக் கட்டி?"

"குப்பையில போட்டாச்சு. பாருங்க நொரீன், அது வெறும் இரும்புப் பொடி..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பட்டறை வாசலுக்கு வெளியே, சமதரையில் நிறுத்தியிருந்த வேன் நகர்ந்துபோய் மூடிய காம்பவுண்ட் கேட்டில் மூக்கை வைத்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள். வேனின் பின் கதவைத் தடவினாள். தோள் தளர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இங்கே இருக்கார்."

"நல்லதாப் போச்சு. வாடகை கேட்டுடலாம்," என்று லைல் சிரித்தான்.

"லைல், இந்த வண்டியை எடுத்துக்கிட்டு ரயில்வே கேட் பக்கம் போகாதே. எது ரோடு, எது தண்டவாளம்னு அவருக்குத் தெரியாது. அவருக்குத் தள்ளத்தான் தெரியும்."

"என் வீட்டுக்கு வேற வழி கிடையாது, அம்மணி. நீங்க போய்ப் படுத்துத் தூங்குங்க."

பொழுது சாயும் நேரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன, மணி அடித்தது. லைல் தடுப்புக் கட்டைக்கு முன்னால் வேனை நிறுத்தினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். தொலைவில் தாது ஏற்றிய சரக்கு ரயிலின் விளக்கு தெரிந்தது.

இரும்பு கருகிய நாற்றம்.

வேன் லேசாக முன்னால் அசைந்தது. பிரேக்கை மிதித்தான். பின்னால் ஒரு வண்டியும் இல்லை என்று கண்ணாடி சொன்னது.

மறுபடி அசைந்தது.

டயர்கள் உருளவில்லை. ரோட்டில் இழுபட்டுத் தேய்ந்தன. ரிவர்ஸ் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். இன்ஜின் அலறியது. வேன் முன்னால்தான் போனது. தடுப்புக் கட்டை முன் கண்ணாடியில் மோதி முறிந்தது.

பின் கதவில் தப் என்று ஒரு சத்தம். கையை நன்றாக ஊன்றிக்கொள்வது போல.

"நிறுத்துய்யா! மெர்வ்! தப்புதான்யா, தெரியாமப் பண்ணிட்டேன்!" என்று லைல் கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனிடம் தப்பு என்று சொன்னான். அதையும் பொய்யாகத்தான் சொன்னான்.

முன் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறின. ரயில் ஊளையிட்டது. பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்தான். அப்போது காலியான வேனுக்குள், அவனுக்குப் பின்னால், யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

முதுகில் இரண்டு கைகள் பதிந்தன.

ஒரே தள்ளு.

ரோட்டோரம் போய் விழுந்ததில் விலா எலும்பு இரண்டு முறிந்ததோடு லைல் பிழைத்தான். வேன் தகரக் குப்பையானது. அடுத்த நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெல்லிய கையுறை போட்ட நர்ஸ் ஒருத்தி அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது, முதுகெல்லாம் மண்ணா? துடைக்கத் துடைக்கச் சொரசொரங்குது," என்றாள். கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே!"

லைல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நர்ஸ் போன பிறகு நொரீன் வந்தாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு அவன் முதுகில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"கோப்பை ஓப்ஸ்டுக்குப் போச்சு," என்றாள் கடைசியில். "உன்னை யாரு தேய்க்கச் சொன்னா? உன் மாதிரி ஒரு ஆள் மேலயா அவர் இருக்கணும்? என் தலையெழுத்து. இனிமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தவறாம வீட்டுக்கு வந்துடு. முதுகு தேய்ச்சுக் குளிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். சோப்பும் கூடாது. வெறும் தண்ணி."

"நொரீன், வேண்டாம், நொரீன்... ஏதாவது பண்ணி இதை எடுத்துடுங்க."

"நீதானே எடுக்கிறதுல கெட்டிக்காரன்?"

குனிய முடியாமல் குனிந்து, தான் கொண்டுவந்த துணிப்பையிலிருந்து இரண்டு செங்கற்களை எடுத்தாள். கட்டிலின் முன் சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு சாய்ந்து சாய்ந்து நடந்து போய்விட்டாள்.

கட்டில் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. மூன்றாவது மாடி. சக்கரத்துப் பூட்டெல்லாம் நர்ஸ் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு செங்கல் இரண்டும் நரநரவென்று தரையில் உரசின.