நாலு மூச்சு கொள்ளும் பெட்டி

"சத்தம் உள்ள போனதுக்கும் வெளிய வர்றதுக்கும் நடுவுல, அது எங்க நிக்கும்?"

கீழ்வீட்டுக் குழந்தை ஒருநாள் அவனிடம் இப்படிக் கேட்டாள். டிலே பெட்டியின் மைக்கில் 'ஹலோ' என்று சொல்லிவிட்டு, அதே 'ஹலோ' சற்றுப் பொறுத்து ஸ்பீக்கரில் திரும்பி வந்ததும் கைதட்டிச் சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்வி. பெட்டிக்குள் வரிசையில் நிற்கும், முறை வந்ததும் வெளியே வரும் என்று அவன் சொல்லிவைத்தான்.

"முறை வரலைன்னா?"

வராமல் எங்கே போகும் என்று அவன் சிரித்தான். குழந்தைக்கு அது போதவில்லை. பெட்டியின் முகப்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு அவன் தம்பி. அக்கா வாய் ஓயாமல் அப்படியே கூப்பிட்டதில் அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவன் தம்பியாகிவிட்டான். குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. வாசல் பக்கத்து அறையில் கீபோர்டும் ஸ்பீக்கர்களும் ஒயர்களும். நீளமான நடையின் மறுகோடியில் அக்காவின் அறை. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்து, அதற்காகத் தன் கல்யாணத்தையே தட்டிக் கழித்த அக்கா, நுரையீரல் கெட்டுப்போய் அங்கே படுத்த படுக்கையாக இருந்தாள்.

நோய் முதலில் தின்றது அவள் குரலைத்தான். ஒரு காலத்தில் மாடியிலிருந்து அதட்டினால் தெருமுனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது காதைக் கொண்டுபோய் உதட்டருகில் வைத்தால்தான் கேட்கும். அழைப்பு மணி வாங்கி வைத்தான். பொத்தானை அமுக்க விரலில் வலுவில்லை. அதனால்தான் கட்டிலருகே ஒரு மைக்கை நிறுத்தி, சுவரோரமாக ஒயரை இழுத்துவந்து, தன் பழைய டிலே பெட்டியில் செருகினான். பெட்டி மெல்லிய சத்தத்தையும் தூக்கிக் கொடுத்தது. அதோடு, வேலை மும்முரத்தில் அக்கா கூப்பிட்டது ஒருமுறை காதில் விழாமல் போனாலும், பெட்டி அதையே மறுபடி மறுபடி சொல்லும். இதைவிட நல்ல காவல் வேறென்ன வேண்டும் என்று நினைத்தான். அன்பு செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே மனிதர்கள் செய்கிற தவறுகள் இப்படித்தான் அழகான யோசனையாகத் தொடங்குகின்றன.

பெட்டியை மாற்றிக் கொடுத்தவர் 'ஈயம்'. விரலெல்லாம் சாலிடர் வாசனை அடிப்பதால் இசைக்காரர்கள் அந்த மெக்கானிக்குக்கு வைத்த பெயர் அது. முன்பு ஒரு வார்த்தை மட்டுமே தங்கக்கூடிய பெட்டியில் கூடுதலாக நினைவுச் சிப்புகளைப் பொருத்தி, அதன் ஓட்டத்தை மெதுவாக்கி, அக்காவின் மூச்சு நாலு கொள்கிற அளவுக்கு நீட்டிக் கொடுத்தார். இசைக்காக, மேசைக்கடியில் தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற ஒரு ஹோல்டு ஸ்விட்ச்சும் வைத்தார். அதை மிதித்திருக்கும்வரை பெட்டிக்குள் இருக்கும் சத்தம் அப்படியே சுற்றிக்கொண்டே இருக்கும், புதிதாக எதுவும் உள்ளே போகாது. ஸ்விட்ச்சின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் ஒலியில் 'டிக்'கென்று ஒரு சொட்டு விழுந்தது. பதிவு கெடுகிறது, விளக்கை வெட்டிவிடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான்.

"விளக்கை எடுத்துட்டா அது மிதிபட்டிருக்கா இல்லையான்னு உனக்கே தெரியாது. அப்புறம் எங்கிட்ட வந்து அழாத" என்றார் ஈயம், வெட்டிக்கொண்டே.

அன்றைக்கு மதியம் அக்காவுக்கு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தான். தலையணையைச் சரிசெய்தான். அவள் மைக்கைக் கண்ணால் காட்டி ஏதோ சொன்னாள். குனிந்தான்.

"என் மூச்சை ஏதாவது பாட்டுல போட்டுடாத. போட்டா பேரும் போடணும்."

இருவரும் சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு இருமலாகி அடங்கியது. போய் வேலையைப் பார் என்று கையசைத்தாள். அவன் தன் அறைக்கு வந்து, நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

மூச்சு நன்றாக இருந்தது. வாரக்கணக்காக ஏறும்போது தடுக்கி, இறங்கும்போது கரகரத்து, சில சமயம் நடுவில் நின்று அவன் உயிரையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போகிற அந்த மூச்சு, அன்று ஸ்பீக்கரிலிருந்து மெத்தையில் தடவுகிற கையைப் போல வழவழவென்று வந்தது. இழுப்பு, ஒரு சின்ன விக்கல், விடுப்பு. கூடவே ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு வண்டியின் ஹாரன். தூங்குகிறவளை எழுப்பாதீர்கள், தூக்கம்தான் மருந்து என்று, தினமும் சாயங்காலம் அக்காவைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. கடவுளுக்கு ஒரு நன்றியை முணுமுணுத்துவிட்டு வேலையில் இறங்கினான். வாசித்துக்கொண்டிருந்த மெட்டு கொஞ்ச நேரத்தில் தானாகவே அந்த மூச்சோடு சேர்ந்து நடந்தது. எத்தனை முறை வாசித்தாலும் மூச்சு தாளம் தப்பவில்லை. ஹாரன்கூட ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வந்து விழுந்தது. ஒரு கணம் விரல் நின்றது. பிறகு, யாரோ ஒரு ஓட்டுநர் வாசலில் நின்று பொறுமையிழக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். மெட்டு அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

பொழுது சாயும்முன்பே இருட்டியது. நனைந்த புழுதியின் வாசனை அறைக்குள் வந்தது, பின்னாலேயே மழை. முதலில் மொட்டைமாடியில் கூழாங்கல்லைக் கொட்டுவது போல, அப்புறம் தனித்தனிச் சத்தமே இல்லாத ஒரே இரைச்சலாக. மூச்சு மழையில் அமுங்கிப்போகாமல் இருக்க ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினான். இழுப்பு, விக்கல், விடுப்பு. நடையில் விளக்கு போடவில்லை. திறந்திருந்த கதவுக்கு அப்பால் நடை, பேசாமல் நிற்கிற ஒரு ஆளைப் போல இருந்தது.

போன் அடித்தது. நர்ஸம்மா. சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர், பஸ் நின்றுவிட்டது, வடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, மத்தியானத்திலிருந்து ஒரே சீராக மூச்சு விடுகிறாள், இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னான். நீங்களும் கேளுங்கள் என்று போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தான்.

கொஞ்சம் பொறுத்து எடுத்துக் காதில் வைத்தான்.

"தம்பி, அங்க மழை பெய்யலையா?"

"கொட்டுதே. நீங்க சொல்றது கேக்க மாட்டேங்குது, அவ்வளவு மழை."

"அக்கா ஜன்னலுக்கு மேல தகரம் போட்டிருக்கே. தூறல் விழுந்தாலே பறையடிச்ச மாதிரி இருக்கும்." நர்ஸம்மாவின் குரல் இறங்கியது. "மூச்சு கேக்குது தம்பி. அதுல மழை கேக்கலையே."

அவன் கேட்டான். வெளியே மழை. ஸ்பீக்கரில் மூச்சு. மூச்சுக்குப் பின்னால், வெயில் காய்கிற ஒரு மதியத்தின் அமைதி. அந்த அமைதியில் அதே ஹாரன்.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். நாற்காலியின் கால். அதன் கீழே, விளக்கில்லாத ஸ்விட்ச்.

எப்போது இழுத்துப் போட்டான்? மதியம். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்ததும்.

நாற்காலியைத் தூக்கினான். மூச்சு பாதியில் அறுந்தது. ஸ்பீக்கர் முழுக்கத் தகரத்தில் மழை. செவிடாக்கும் மழை. வேறு ஒன்றும் இல்லை.

போனை மேசைமேல் போட்டுவிட்டு நடைக்கு வந்தான்.

நடை நீளமாக இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போனான். அக்கா அறையின் விளக்கைப் போட்டான்.

அவள் அவன் வைத்துவிட்டுப் போன இடத்தில் இல்லை. கட்டிலின் விளிம்புவரை நகர்ந்து வந்திருந்தாள். எந்தப் பலத்தில் நகர்ந்தாளோ. மைக்கை ஒயரோடு இழுத்து உதட்டில் ஒட்டவைத்திருந்தாள். ஒயர் கயிறுபோல் விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய், ஒரு சொல்லின் வடிவத்தில் நின்றிருந்தது. அவனுக்குத் தெரிந்த சொல்தான். கன்னத்தைத் தொட்டான். குளிர். மணிக்கணக்கான குளிர்.

அவள் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஈனக்குரலில் எத்தனை முறையோ. அவன் அவள் மூச்சுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அழவில்லை. அழுகை வருவதற்குள் அது வந்தது.

நடையின் மறுகோடியிலிருந்து. அவன் அறையிலிருந்து.

இழுப்பு. விக்கல். விடுப்பு.

ஹோல்டை எடுத்தாகிவிட்டது. அந்த மூச்சு அழிந்துபோயிருக்க வேண்டும். கால்கள் தாமாக நடந்தன. பெட்டி மேசைமேல் இருந்தது. எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பினான். மூச்சு நிற்கவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. மின்சாரப் பிளக்கை உருவினான். ஸ்பீக்கர் செத்தது. பெட்டியின் சின்ன விளக்குகள் அணைந்தன.

மூச்சு நிற்கவில்லை. இப்போது ஸ்பீக்கரில் இல்லை. பெட்டியின் தகர உடம்புக்குள். குறுகலான இடத்தில் முடங்கிப் படுத்திருக்கிறவர்களின் மூச்சு.

பிறகு, அந்தச் சொல்.

"தம்பி."

பெட்டிக்குள் ஒருபோதும் போகாத சத்தம். போகவிடாமல் அவன் நாற்காலி தடுத்து வைத்திருந்த சத்தம். இந்தப் பெட்டியில் எந்த ஒலியும் திரும்பத் திரும்ப வர மங்கிக்கொண்டே போகும். இது மங்கவில்லை. ஒவ்வொரு முறையும் தெளிந்தது. கிட்டே வந்தது.

"தம்பி. இருட்டா இருக்கு."

ஓடியிருக்கலாம். வாசற்கதவு நாலடியில் இருந்தது. சட்டைப்பையில் சாவி. கையும் அதைத் தொட்டுவிட்டது.

"இருக்கியா?"

அந்தக் கேள்வி அவனுடையது. அம்மா போன பிறகு மின்சாரம் போகிற ராத்திரிகளில் பாயில் படுத்துக்கொண்டு அவன் கேட்டது. அக்கா இருக்கியா. இருக்கேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி. இருக்கியா. இருக்கேன். அவள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். மறுநாள் பரீட்சை இருந்திருக்கும். தூக்கத்தில் நாக்குக் குழறும். ஆனாலும் அவன் தூங்கும்வரை ஒருமுறைகூடப் பதில் வராமல் இருந்ததில்லை. இத்தனை பெரிய வாழ்க்கையில் அவளிடம் எத்தனையோ வாங்கியிருந்தான். அதையெல்லாம் திருப்பிக் கொடுக்க நினைத்ததுண்டு. இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அவன் தரையில் உட்கார்ந்தான். பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். குளிர்ந்திருந்தது. குழந்தையைப் போலக் கனத்தது.

"இருக்கேன்க்கா."

மூச்சு. மழை.

"இருக்கியா?"

கேட்டிருக்காது. மின்சாரம் இல்லாத பெட்டி, ஒயர் இல்லாத வாய், எந்த வழியாகப் போகும்? அவனுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னான். பார்க்க ஆளில்லாத இடத்தில் செய்கிற சின்ன உதவியும் வீணாகாது என்று நம்பி வளர்ந்தவன். அந்த நம்பிக்கை இப்போது எங்கே இருக்கிறதென்று தேடவில்லை.

"இருக்கேன்."

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா. இங்கதான் இருக்கேன். தூங்கு."

மழை கொஞ்சம் விட்டது. நடையின் கோடியில், விளக்கெரிகிற அந்த அறையில், கட்டில் கிறீச்சிட்டது. ஒரே ஒருமுறை. பதில் கேட்டு, மனம் சமாதானமாகி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள் எழுப்புகிற சத்தம். பின்னாலேயே போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும் சரசரப்பு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மடியில் பெட்டி மறுபடியும் மூச்சை இழுத்தது.